பழைய கடிகாரத்தின் எல்சிடியை நேரடியாக பேட்டரியில் ஓட்டலாமா?

கேள்வி இதுதான்: பழுதான மேசைக் கடிகாரம் ஒன்றிலிருந்து எண் காட்டும் கண்ணாடியைக் கழற்றி எடுத்திருக்கிறீர்கள். அதன் விளிம்பில் 3 வோல்ட் செல்லின் இரு முனைகளையும் வைத்தால் ஏதோ ஒரு கோடு கறுப்பாகத் தெரிகிறது. எல்ஈடி எண்களைப் போல இதையும் மைக்ரோகண்ட்ரோலரில் (நிரல் எழுதி ஓட்டும் சின்னச் சில்லு) நேரடியாக மாட்டி ஓட்டலாமா? அந்தக் கடிகாரம் ஒரு சின்னச் செல்லில் ஆண்டுக்கணக்கில் ஓடியது எப்படி? கடைசிக் காலத்தில் சில கோடுகள் மட்டும் காணாமல் போனது ஏன்?

அவசரமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். செல்லை அப்படியே வைத்துக்கொண்டிருக்காதீர்கள். ஓரிரு விநாடி தொட்டுப் பார்த்ததில் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் டிசி, அதாவது திசை மாறாத மின்னழுத்தம் தொடர்ந்து நின்றால் உள்ளே இருக்கும் திரவம் மெல்ல மெல்லக் கெடும். அந்தக் கண்ணாடியைத் தாராளமாக ஓட்டலாம், எல்ஈடியை ஓட்டும் முறையில் மட்டும் கூடாது. காரணம் புரிய வேண்டுமென்றால் கண்ணாடிக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். உங்கள் மற்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை அதற்குள்தான் இருக்கிறது.

எல்ஈடி தானே ஒளி தரும். எல்சிடி, அதாவது திரவப் படிகத் திரை, ஒரு துளி ஒளியும் தராது. வெளியிலிருந்து வரும் வெளிச்சத்தை உள்ளே விடுவதா, தடுப்பதா என்பது மட்டுமே அதன் வேலை. இருட்டறையில் கால்குலேட்டரின் எண் தெரியாததற்குக் காரணம் அதுதான். பலர் நினைப்பதுபோல எண் தோன்றும் இடத்துக்குக் கறுப்பு மை எதுவும் ஓடி வருவதில்லை. அந்த இடத்தில் வெளிச்சம் திரும்பி வராததால் கறுப்பாகத் தெரிகிறது, அவ்வளவே.

கையில் இருப்பது இரண்டு மெல்லிய கண்ணாடித் தகடுகள். அவற்றுக்கு நடுவில் 5 முதல் 10 மைக்ரான் வரை இடைவெளி, அதாவது தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. இந்த இடைவெளி எங்கும் ஒரே அளவாக இருக்க, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய பிளாஸ்டிக் உருண்டைகளைத் தூவியிருப்பார்கள். சுற்றிலும் பசை போட்டு மூடி, ஒரு சிறு வாய் வழியாகத் திரவப் படிகத்தை உள்ளே இழுத்து, வாயை அடைத்துவிடுவார்கள். கண்ணாடியின் ஒரு ஓரத்தில் சின்னப் பசைப் பொட்டு ஒன்று தெரிந்தால், அதுதான் அந்த வாய்.

திரவப் படிகம் என்ற பெயரே முரண்போலத் தோன்றும். இதன் மூலக்கூறுகள் குச்சி வடிவம் கொண்டவை. திரவம்போல ஓடும், ஆனால் ஓடும்போதும் குச்சிகள் எல்லாம் ஒரே திசை பார்த்து நிற்கும். 1888இல் ஆஸ்திரியத் தாவரவியலாளர் ஃபிரெட்ரிக் ரைனிட்சர் கொலஸ்ட்ரால் சேர்ந்த ஒரு பொருளைச் சூடாக்கிப் பார்த்தபோது, அது 145.5 டிகிரி செல்சியஸில் கலங்கலான திரவமாகி, 178.5 டிகிரியில் இன்னொரு முறை 'உருகி'த் தெளிந்தது. இரண்டு உருகுநிலையா என்று குழம்பி, ஜெர்மானிய இயற்பியலாளர் ஓட்டோ லேமனுக்குக் கடிதம் எழுதினார். திரவப் படிகம் என்ற கருத்து அங்கே பிறந்தது. அப்புறம் பல பத்தாண்டுகள் அது ஆய்வகத்து விந்தையாகவே கிடந்தது.

இனி வேலை நடக்கும் விதம். இரண்டு கண்ணாடிகளின் உட்புறத்திலும் பாலிஇமைடு என்ற மெல்லிய பூச்சு இருக்கும். அதைத் துணி சுற்றிய உருளையால் ஒரே திசையில் தேய்த்திருப்பார்கள். குச்சி மூலக்கூறுகள் அந்தத் தேய்த்த திசையைப் பிடித்துக்கொண்டு படுக்கும். மேல் கண்ணாடியில் தேய்த்த திசையும் கீழ்க் கண்ணாடியில் தேய்த்த திசையும் ஒன்றுக்கொன்று செங்குத்து. அதனால் நடுவில் இருக்கும் மூலக்கூறுகள் சுருள் படிக்கட்டின் படிகள்போல அடுக்கடுக்காகத் திரும்பி, மேலிருந்து கீழே வருவதற்குள் 90 டிகிரி முறுக்கிக்கொள்கின்றன.

முன்னும் பின்னும் ஒவ்வொரு போலரைசர் பிலிம் ஒட்டியிருக்கும். ஒரு குறிப்பிட்ட திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் பிலிம் அது. இரண்டு போலரைசர்களும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக ஒட்டப்பட்டவை. அவற்றை மட்டும் தனியாக ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் ஒளி போகாது. ஆனால் நடுவில் சுருள் படிக்கட்டு இருக்கிறதே! ஒளியின் அதிர்வுத் திசை அந்தச் சுருளோடு சேர்ந்து 90 டிகிரி திரும்பி, கீழ்ப் போலரைசரைக் கடந்து, பின்னால் இருக்கும் வெள்ளித் தாள்போன்ற பிலிமில் பட்டு, வந்த வழியே திரும்பி வருகிறது. திரை வெளுப்பாகத் தெரிகிறது.

இரு கண்ணாடிகளுக்கும் நடுவே 2 அல்லது 3 வோல்ட் கொடுத்தால், படுத்திருந்த குச்சிகள் கண்ணாடிக்குச் செங்குத்தாக எழுந்து நிற்கும். சுருள் கலைகிறது. ஒளியைத் திருப்ப ஆள் இல்லை, கீழ்ப் போலரைசர் தடுத்துவிடுகிறது. அந்த இடம் கறுப்பு. மின்னழுத்தத்தை எடுத்தால் மூலக்கூறுகள் மறுபடி சுருளுக்குத் திரும்பிவிடும். போலரைஸ்டு குளிர்கண்ணாடி கிடைத்தால் கால்குலேட்டர் முன் பிடித்து மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். ஒரு கோணத்தில் திரை முழுவதும் இருண்டுவிடும். இதைவிட எளிதாக இந்த விஷயத்தைக் காட்டும் சோதனை எனக்குத் தெரியாது.

இந்த முறுக்கு முறைக்கு சுவிட்சர்லாந்தின் ஹாஃப்மன்-லா ரோஷ் நிறுவனத்தில் இருந்த மார்ட்டின் ஷாட், வொல்ஃப்காங் ஹெல்ஃப்ரிச் இருவரும் 1970 டிசம்பரில் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். அமெரிக்காவில் ஜேம்ஸ் ஃபெர்கசனும் அதே காலத்தில் இதே முறைக்கு வந்து சேர்ந்தார். அதற்கு முன்பு ஆர்சிஏ நிறுவனத்தில் ஜார்ஜ் ஹைல்மயரின் குழு 1968இல் அறிவித்த எல்சிடி வேறு மாதிரியானது. திரவத்துக்குள் மின்னோட்டத்தையே செலுத்திக் கலக்கி, அதைப் பால்போல வெளுக்கவைக்கும் முறை அது. 1973இல் வந்த ஷார்ப் ஈஎல்-805 கால்குலேட்டரில் இருந்தது அந்தப் பழைய வகைதான். அதிலேயே ஒரே ஒரு ஏஏ செல்லில் சுமார் 100 மணி நேரம் ஓடியது. இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கிரேயின் குழு 1970களின் தொடக்கத்தில் உருவாக்கிய சயனோபைஃபீனைல்கள் வந்த பிறகுதான் சாதாரண அறை வெப்பநிலையில் நீண்ட நாள் கெடாமல் நிற்கும் திரவம் கிடைத்தது. என்னைக் கேட்டால், உங்கள் கடிகாரம் இத்தனை ஆண்டு உழைத்ததில் இந்த வேதியியலாளர்களின் பங்கு பெரிது. எல்சிடி வரலாற்றைச் சொல்பவர்கள் மின்னணுப் பொறியாளர்களோடு நிறுத்திக்கொள்வதில் எனக்கு வருத்தம் உண்டு.

சரி, எண்ணின் வடிவம் எங்கிருந்து வருகிறது? கண்ணாடியின் உட்புறத்தில் இண்டியம் டின் ஆக்சைடு என்ற பொருளைப் பூசியிருப்பார்கள். மின்சாரம் கடத்தும், ஆனால் கண்ணாடிபோலவே ஒளி ஊடுருவும். முன் கண்ணாடியில் இந்தப் பூச்சை 7 கோடுகளாகவும், அவற்றிலிருந்து விளிம்புக்குப் போகும் மெல்லிய தடங்களாகவும் அரித்து எடுத்திருப்பார்கள். பின் கண்ணாடியில் இருப்பது அந்தக் கோடுகளுக்கு நேர் எதிரே நிற்கும் பொதுத் தகடு, அதாவது காமன். இரண்டு பூச்சும் நேருக்கு நேர் வரும் இடம் மட்டும்தான் கறுக்கும். தடங்கள் கறுக்காமல் இருப்பதற்குக் காரணம், அவற்றுக்கு எதிரே பூச்சு இல்லாததுதான். திரையைச் சாய்த்து விளக்கொளியில் பாருங்கள், அணைந்திருக்கும்போதும் எண்களின் வடிவமும் தடங்களும் நிழல்போலத் தெரியும்.

கோடுதான் இருக்க வேண்டும் என்பதில்லை. மணி, பேட்டரி, டிகிரிக் குறி, இதயம், எந்த வடிவத்தையும் இப்படி அரித்துவிடலாம். நின்டெண்டோ 1980இல் வெளியிட்ட கேம் அண்ட் வாட்ச் விளையாட்டுகளில் ஓடும் மனிதர்கள்கூட இப்படி முன்பே அரித்து வைத்த உருவங்கள்தான். மனிதன் நகர்வதில்லை, ஒவ்வொரு இடத்திலும் ஒரு மனிதன் தயாராக நிற்கிறான், வேளை வரும்போது அவனைக் கறுக்கவைக்கிறார்கள். ஒரு இடத்தில் ஒரு வடிவம்தான் என்ற கட்டுப்பாட்டை வைத்துக்கொண்டு அத்தனை விளையாட்டுகளைச் செய்தது இன்றும் எனக்கு வியப்பு.

இப்போது செல் விஷயம். இரண்டு கடத்திகள், நடுவில் மின்சாரம் கடத்தாத திரவம். இது ஒரு கெப்பாசிட்டர், மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் உறுப்பு. ஒவ்வொரு முறை நிலை மாறும்போதும் கொஞ்சம் மின்னூட்டம் ஏறி இறங்குகிறதே தவிர, எல்ஈடியைப் போல மின்னோட்டம் தொடர்ந்து பாய்வதில்லை. சிஆர்2032 செல்லில் ஏறக்குறைய 220 மில்லியாம்பியர்-மணி இருக்கும். கடிகாரச் சில்லும் திரையும் சேர்ந்து 10 மைக்ரோஆம்பியர் எடுத்தால் கணக்குப்படி 22,000 மணி நேரம், அதாவது இரண்டரை ஆண்டு. அதே நேரத்தை எல்ஈடியில் காட்ட 20 கோடுகள் எரிய வேண்டும், கோட்டுக்கு 5 மில்லியாம்பியர் என்றால் 100 மில்லியாம்பியர். அந்த வேகத்தில் எடுத்தால் அதே 220 இரண்டே மணி நேரத்தில் தீரும். 1972இல் வந்த பல்சர் எல்ஈடி கைக்கடிகாரத்தில் மணி பார்க்க ஒவ்வொரு முறையும் பொத்தானை அழுத்த வேண்டியிருந்தது இதனால்தான்.

ஆனால் அந்தத் திரவம் முழுக்க முழுக்கத் தூய்மையாக இருக்காது. சிறிதளவு அயனிகள் கலந்திருக்கும். டிசி கொடுத்தால் அவை ஒரு பக்கமாகப் போய்ச் சேர்ந்து, மின்முனையில் மின்பகுப்பு நடக்கும். பூச்சும் திரவமும் கெட்டு, கோடு மங்கி, பின் திரும்பவே வராமல் போகும். நல்ல வேளையாக, மூலக்கூறு எழுந்து நிற்க மின்புலம் எந்தப் பக்கமாக இருந்தாலும் ஒன்றுதான். அதனால் விநாடிக்கு 30 முதல் 100 தடவை வரை திசையை மாற்றி மாற்றிக் கொடுத்தால் படம் அசையாமல் நிற்கும், அயனிகளும் எங்கும் போய்ச் சேராது.

இதைச் செய்யும் வழி அழகானது. காமனுக்கு ஒரு சதுர அலை கொடுங்கள். எந்தக் கோடு அணைந்திருக்க வேண்டுமோ அதற்கும் அதே அலையைக் கொடுங்கள். இரண்டு பக்கமும் சேர்ந்தே ஏறி இறங்குவதால் நடுவில் எப்போதும் பூஜ்யம். எந்தக் கோடு தெரிய வேண்டுமோ அதற்குத் தலைகீழ் அலை. காமன் 3 வோல்டில் இருக்கும்போது கோடு 0, காமன் 0 ஆகும்போது கோடு 3. நடுவில் மாறி மாறி +3, -3. சராசரி பூஜ்யம், ஆனால் கோடு கறுப்பு. ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு எக்ஸ்-ஆர் கேட் போதும், காமன் அலையை வேண்டும்போது மட்டும் தலைகீழாக்கித் தரும் சிறு மின்சுற்று அது. பழைய டிஜிட்டல் மல்டிமீட்டர்களின் உயிராக இருந்த ஐசிஎல் 7106 சில்லு இதைத் தானே செய்துகொள்ளும். தன் கடிகார அலையை 800ஆல் வகுத்து காமனுக்கு அனுப்பும். 48 கிலோஹெர்ட்ஸ் கொடுத்தால் 60 ஹெர்ட்ஸ்.

கோடுகள் அதிகமானால் இந்த முறை கைகொடுக்காது. 8 இலக்கக் கால்குலேட்டரில் இலக்கத்துக்கு 7 கோடும் ஒரு புள்ளியும் சேர்த்து 64. ஒவ்வொன்றுக்கும் தனி இணைப்பு என்றால் காமனோடு 65. காமனை நான்காகப் பிரித்து முறைவைத்து ஓட்டினால் 16 + 4, வெறும் 20 இணைப்புகள் போதும். இதுதான் மல்டிபிளெக்சிங். எல்ஈடியில் இது சுலபம், முறை வராதபோது அணைத்துவிடலாம். எல்சிடியில் அணைந்திருக்க வேண்டிய கோட்டிலும் கொஞ்சம் மின்னழுத்தம் விழுந்தே தீரும். மூலக்கூறுகள் மந்தமானவை, கணத்துக்குக் கணம் மாறுவதை அவை கவனிப்பதில்லை. ஒரு சுற்றில் வந்த மொத்த ஆர்எம்எஸ் அளவுக்கே, அதாவது திசை பாராத ஒருவகைச் சராசரிக்கே, அவை அசையும். 3 வோல்ட், 4 காமன், மூன்றில் ஒரு பங்கு பயஸ் (3 வோல்டை 0, 1, 2, 3 என்று மூன்று சமப் படிகளாகப் பிரித்துக் கொடுப்பது) என்று வைத்துக்கொண்டால், தெரிய வேண்டிய கோட்டுக்கு 1.73 வோல்ட், தெரியக்கூடாத கோட்டுக்கு 1 வோல்ட். இந்த இரண்டுக்கும் நடுவில் திரவத்தின் தொடக்க மின்னழுத்தம், அதாவது குச்சிகள் எழத் தொடங்கும் அளவு, விழும்படி கலவையைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள். காமன்கள் கூடக்கூட இந்த இரண்டு மின்னழுத்தங்களின் விகிதம் சுருங்கும். 4 காமனுக்கு 1.73 ஆக இருப்பது 16 காமனுக்கு 1.29, 64 காமனுக்கு 1.13. எளிய சாதனங்கள் பெரும்பாலும் 4 காமனோடு நிறுத்திக்கொள்வது இதனால்தான். மின்னழுத்தம் கொஞ்சம் கூடிவிட்டால் எண்ணுக்குப் பின்னால் 8 8 8 என்று பேய்போல மங்கலாகத் தெரிவதும், செல் தீரும்போது எண் வெளிறிப்போவதும் இந்த இடைவெளி இவ்வளவு குறுகலாக இருப்பதன் விளைவு.

இனி காணாமல் போன கோடுகள். நான் பிரித்துப் பார்த்தவற்றில் பெரும்பாலும் கண்ணாடியின் மேல் குற்றமே இருந்ததில்லை, இணைப்புதான் விட்டிருக்கும். கண்ணாடிக்கும் சர்க்கியூட் போர்டுக்கும் நடுவே சாலிடர் கிடையாது. பெரும்பாலும் கறுப்பும் வெளுப்புமாக வரிவரியாக இருக்கும் ஒரு ரப்பர் பட்டை இருக்கும். வரிக்குதிரைபோல இருப்பதால் ஜீப்ரா ஸ்ட்ரிப் என்பார்கள். கறுப்பு வரியில் கரி கலந்திருப்பதால் மின்சாரம் கடத்தும், வெளுப்பு வரி கடத்தாது. அழுத்தி வைத்தால் தடத்துக்குத் தடம் இணைப்பு கிடைக்கும். அழுத்தம் குறைந்தாலோ தூசியும் விரல் எண்ணெயும் படிந்தாலோ கோடுகள் போகும்.

எது போனது என்பதை வைத்தே இடத்தைக் கண்டுபிடிக்கலாம். ஒரு இலக்கத்தில் மட்டும் சில கோடுகள் போயிருந்தால் ஒரு செக்மென்ட் தடம், அதாவது கோடுகளுக்குப் போகும் தடம், விட்டிருக்கிறது. எல்லா இலக்கத்திலும் ஒரே மாதிரியான பகுதி, உதாரணமாக மேல்கோடு மட்டும், ஒன்றாகப் போயிருந்தால் ஒரு காமன் விட்டிருக்கிறது. திரை முழுவதும் மங்கினால் செல்லைப் பாருங்கள். ஓரத்திலிருந்து கறுப்புத் திட்டு ஒன்று பரவினால் கண்ணாடி விரிசல் விட்டு காற்று புகுந்திருக்கிறது, அதற்கு மருந்து இல்லை.

ஜீப்ரா பட்டையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த, நூல் பிரியாத துணியால் துடையுங்கள். கண்ணாடியின் விளிம்பையும் போர்டின் தடங்களையும் அப்படியே துடையுங்கள். தடங்கள் கறுப்பாக, கரியால் அச்சிட்டவையாக இருந்தால் பென்சில் அழிக்கும் ரப்பர் வைத்துத் தேய்க்க வேண்டாம், உரிந்துவிடும். அசிட்டோனைக் கிட்டேயே கொண்டுவராதீர்கள், போலரைசர் பிலிம் கெட்டுவிடும். திரும்ப மாட்டும்போது திருகுகளை ஒவ்வொன்றாக, கொஞ்சம் கொஞ்சமாக, சமமாக முடுக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் இறுகினால் மறுபக்கம் கோடு போகும். சில சாதனங்களில் ரப்பருக்குப் பதிலாகச் சூட்டில் ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக் ரிப்பன் இருக்கும். அது விட்டிருந்தால் மேலே மெல்லிய சிலிக்கோன் ரப்பர் தாள் வைத்து, குறைந்த சூட்டில் சாலிடரிங் அயர்னின் பக்கவாட்டால் அழுத்தி நகர்த்தினால் பசை இளகி மறுபடி பிடிக்கும். பொறுமை வேண்டும். ஒரே இடத்தில் நின்றால் ரிப்பன் உருகிவிடும்.

குளிரில் எண் மாறத் தயங்குவது பழுது அல்ல, திரவம் கெட்டிப்படுவதால் வரும் மந்தம். கடும் வெயிலில் மூடிய காருக்குள் திரை முழுக்கக் கறுத்துப்போவதும் பெரும்பாலும் பழுதில்லை. வெப்பத்தில் மூலக்கூறுகள் ஒழுங்கை விட்டு வெறும் திரவமாகிவிடுகின்றன. ஒளியைத் திருப்ப ஆள் இல்லாததால் எல்லா இடமும் கறுப்பு. நிழலில் வைத்தால் ஆறியதும் திரும்பி வரும்.

உங்கள் கண்ணாடிக்கு வருகிறேன். எத்தனை காமன் என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். மைக்ரோகண்ட்ரோலரின் இரண்டு பின்களில் ஒன்றுக்கொன்று தலைகீழான 60 ஹெர்ட்ஸ் சதுர அலையை உருவாக்குங்கள். ஒன்றைக் கண்ணாடியின் ஒரு முனையில் பிடித்துக்கொண்டு, மற்றதால் மீதி முனைகளை ஒவ்வொன்றாகத் தொட்டு, தெரிவதைத் தாளில் குறித்துவையுங்கள். இணைக்காத முனைகள் வழியாகவும் கொஞ்சம் கசிந்து மங்கலான கோடுகள் தெரியும், அவற்றை விட்டுவிட்டு நன்றாகக் கறுப்பதை மட்டும் எடுங்கள். எந்த முனையைப் பிடித்தால் எல்லா இலக்கத்திலும் கோடுகள் வருகிறதோ அது காமன். ஒரே ஒரு காமன் இருந்தால் எக்ஸ்-ஆர் முறையை நிரலிலேயே எழுதிவிடலாம். இரண்டு முதல் நான்கு வரை இருந்தால் எச்டி1621 போன்ற டிரைவர் சில்லு வாங்கிவிடுங்கள். 4 காமனுக்கு 32 தடம், மொத்தம் 128 கோடுகளை அது பார்த்துக்கொள்ளும். நான்கு காமனுக்கு ரெசிஸ்டர்களை வைத்துப் பாதி பயஸில் மைக்ரோகண்ட்ரோலரிலேயே ஓட்டவும் முடியும், ஆனால் விகிதம் 1.73இலிருந்து 1.53க்கு இறங்கும். தெளிவு குறைவது கண்ணுக்கே தெரியும், எனக்கு அது பிடிப்பதில்லை. எதைப் பயன்படுத்தினாலும் ஒன்றை மறக்காதீர்கள். நிரல் எங்காவது நின்றுபோனால் பின்கள் அப்படியே டிசியில் நின்றுவிடும். நிரல் தவறிக்கொண்டே இருக்கும் சோதனைக் காலத்தில் திரையைக் கழற்றி வைக்க வசதியாக ஒரு கனெக்டர் போட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, நீங்கள் செய்யப்போவது எதுவானாலும், இயக்கியதும் முதல் 2 விநாடி எல்லாக் கோடுகளையும் காட்டும்படி எழுதுங்கள். காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரும் சர்க்கரை அளக்கும் மீட்டரும் 188.8 என்பதுபோல ஒரு கணம் முழுத் திரையையும் காட்டுவது அலங்காரத்துக்கு அல்ல. 8இல் நடுக்கோடு போனால் 0. 9இல் மேல் இடக்கோடு போனால் 3. 7இல் மேல்கோடு போனால் 1. இவை அரைகுறையாகத் தெரியாது, முழுமையான வேறு எண்ணாகவே தெரியும். சர்க்கரை 180 இருப்பவருக்கு மீட்டர் 100 என்று காட்டினால், அதைச் சந்தேகப்பட அவருக்கு எந்தக் காரணமும் இருக்காது. வீட்டில் அந்த மீட்டரை யாராவது பயன்படுத்தினால், அந்த முதல் கணத்தில் எல்லாக் கோடும் வருகிறதா என்று தினமும் ஒரு பார்வை பார்க்கச் சொல்லுங்கள்.